ரோத்கோ படத்தில் வெளிச்சம் எங்கிருந்து வருகிறது? எத்தனை அடுக்கு வேண்டும்?

கேள்வி, 4 ஜூன்

அமெரிக்க ஓவியர் மார்க் ரோத்கோவின் 1950களின் படங்கள் உள்ளே விளக்கு எரிவதுபோல் தெரிவதற்கு வெள்ளை அடித்தளமும் அதன்மேல் இருபது முப்பது கிளேஸ் (ஒளி ஊடுருவும் மெல்லிய வர்ணப் பூச்சு) அடுக்குகளும்தான் காரணம் என்று படித்தேன். அதன்படி கேன்வாஸில் ஜெஸ்ஸோ (வெள்ளை அடிப்பூச்சு) மூன்று கோட். மேலே அக்ரிலிக்கைத் தண்ணீராகக் கரைத்து ஆரஞ்சு, சிவப்பு, கருஞ்சிவப்பு என்று 14 அடுக்கு. ஒளி எதுவும் வரவில்லை. மேசை விரிப்பு பிளாஸ்டிக் மாதிரி பளபளக்கிறது, ஓரமெல்லாம் சேறு. இன்னும் எத்தனை அடுக்கு போட வேண்டும்?

பதில், 4 ஜூன், இரவு

அடுக்கை எண்ணுவது பரோட்டாக் கடைக்குச் சரி. இங்கே உதவாது.

கிளேஸ் வேலை செய்யும் விதம் இதுதான். வெளிச்சம் நிற அடுக்குக்குள் இறங்கி, அடியில் உள்ள வெள்ளையில் பட்டு, அதே அடுக்கு வழியாக மறுபடி வெளியே வருகிறது. நிறத்தை இரண்டு முறை கடப்பதால் நிறம் செறிகிறது. ஆனால் ஒவ்வொரு அடுக்கும் கொஞ்சம் வெளிச்சத்தைத் தின்னும். அடுக்கு கூடக் கூட அடியிலுள்ள வெள்ளைக்குப் போய்ச் சேர்வது குறையும். 14 அடுக்கில் உங்கள் ஜெஸ்ஸோ எப்போதோ வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டது.

சேறு வந்ததற்கு வேறு காரணம். கலவையில் டைட்டானியம் வெள்ளை கலந்தீர்களா? கடையில் வாங்கும் ஆரஞ்சு டியூப் பலவற்றில் அது ஏற்கெனவே இருக்கும். லேபிளில் 'பி.டபிள்யூ. 6' என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அது கிளேஸ் ஆகாது, மேலே படிந்த பால் ஏடு.

5 ஜூன், காலை

நேற்று எழுதியதில் ஒரு பிழை. 'வெள்ளை அடித்தளம்' என்று நீங்கள் சொன்னதை நானும் அப்படியே எடுத்துக்கொண்டு பேசிவிட்டேன். ரோத்கோவின் முதிர்ந்த காலப் படங்களில் அந்த வெள்ளையே பெரும்பாலும் கிடையாது. அவர் பூசாத பருத்திக் கேன்வாஸை எடுத்து, சூடான முயல்தோல் பசையில் நிறத்தூளைக் கலந்து நேரே துணியில் தேய்த்துவிடுவார். பசைப் பூச்சும் அடித்தளமும் முதல் நிறமும் ஒன்றாக முடிந்துவிடும். அதன் மேல் டர்பன்டைனில் நன்றாக நீர்த்த எண்ணெய் வர்ணம்.

1958இல் நியூயார்க் சீகிராம் கட்டிட உணவகத்துக்காகத் தொடங்கிய படங்களில் அந்த முதல் பூச்சு கருஞ்சிவப்பு. கருஞ்சிவப்புத் துணியிலிருந்து எந்த வெளிச்சம் திரும்பி வரும்? ஆக, அடியில் விளக்கு என்ற கதை அந்தப் படங்களுக்கு ஒத்துவராது. 1950களின் மஞ்சள், ஆரஞ்சுப் படங்களுக்குப் பாதி ஒத்துவரும், அவ்வளவுதான்.

5 ஜூன், மாலை

அப்படியானால் வெளிச்சம் எங்கிருந்து? என் கணக்கில் மூன்று இடம்: மேற்பரப்பு, ஓரம், அறை. முதலில் மேற்பரப்பு, அங்கேதான் விஷயம் அதிகம்.

ஒளிவிலகல் எண் நினைவிருக்கிறதா, பத்தாம் வகுப்பு? காற்று 1. ஆளிவிதை எண்ணெய் சுமார் 1.48. அல்ட்ராமரின் நீலம் 1.5. சுண்ணாம்புக்கல் தூள் 1.6. டைட்டானியம் வெள்ளை 2.7. நிறத்தூளும் அதைச் சூழ்ந்த பொருளும் எண்ணில் நெருக்கமாக இருந்தால் ஒளி நேரே உள்ளே போய்விடும், நிறம் ஆழமாக, இருட்டாகத் தெரியும். தூரமாக இருந்தால் ஒளி சிதறி வெளியே வரும், நிறம் வெளிறி மென்மையாகத் தெரியும். அல்ட்ராமரின் தூளை அப்படியே பார்த்தால் கண்ணைப் பறிக்கும். எண்ணெயில் குழைத்தால் கறுப்புக்குப் பக்கத்தில் போய்விடும். தூள் அதேதான். சுற்றியிருந்த காற்று போய் எண்ணெய் வந்துவிட்டது.

ரோத்கோ டர்பன்டைனை ஊற்றி ஊற்றி எண்ணெயின் பங்கை மிகவும் குறைத்துவிடுகிறார். டர்பன்டைன் பறந்ததும் நிறத்தூள் துகள்களுக்கு இடையே காற்று வந்து உட்காருகிறது. மேற்பரப்பு பளபளப்பில்லாமல், தூசி படிந்த பட்டாம்பூச்சி இறகுபோல் ஆகிவிடுகிறது. ஒளி அங்கேயே, மேல்தோலிலேயே சிதறுகிறது. 'உள்ளிருந்து வருகிறது' என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி வெளித்தோலின் வேலை.

சோதித்துப் பார்க்க வேண்டுமென்றால், காய்ந்த நீர்த்த வர்ணத்தின் மேல் ஒரு சொட்டு டர்பன்டைன் விடுங்கள். அந்த இடம் உடனே இருண்டு ஆழமாகும். பத்து நிமிடத்தில் பறந்ததும் பழையபடி வெளிறும். வார்னிஷ் அடித்தால் அதே இருட்டு வரும், ஆனால் திரும்பிப் போகாது. அவர் இந்தப் படங்களுக்கு வார்னிஷ் அடிக்காமல் விட்டதன் பொருள் இதுதான். அறியாமல் யாராவது ஒரு கோட் அடித்தால் படம் செத்தது.

உங்கள் அக்ரிலிக்கில் நடந்தது நேர் எதிர். அக்ரிலிக் பிசின் காய்ந்தால் ஒரு படலம் ஆகும். 14 படலம் ஒட்டி ஒரே தகடு. காற்றுக்கு அங்கே இடமில்லை.

6 ஜூன்

'அப்படியென்றால் அடுக்கே வேண்டாமா' என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டும். ஆனால் அடுக்குகள் ஒன்றோடொன்று கலந்துவிடக் கூடாது. டர்பன்டைனில் நீர்த்த வர்ணத்தின் மேல் மறுநாளே இன்னொரு டர்பன்டைன் வர்ணம் போட்டால் கீழே உள்ளது கரைந்து மேலே ஏறும். அதுதான் உண்மையான சேறு. எண்ணெய் முழுதாகக் காயக் காத்திருந்தால் வாரக்கணக்கு.

ரோத்கோ இதற்குச் செய்த தந்திரம்: அடுக்குக்கு அடுக்கு பிணைப்பொருளை மாற்றிவிடுவது. ஒன்று பசை, ஒன்று எண்ணெய், ஒன்று முட்டை, ஒன்று பிசின். முழு முட்டையையே அடித்துக் கலப்பார், வெள்ளைக்கரு மஞ்சள்கரு என்று பிரிப்பதில்லை. டாமர் பிசினும் உண்டு (நம்மூர்க் குங்கிலியத்துக்குப் பங்காளி). லண்டன் டேட் அருங்காட்சியகத்தில் உள்ள சீகிராம் படங்களைச் சோதித்தபோது செயற்கைப் பிசின்களும் கிடைத்தன: பீனால் ஃபார்மால்டிஹைடு, ஆல்கைடு, அக்ரிலிக். சீக்கிரம் காயவும், மேலே வரும் அடுக்கு கீழே இறங்காமல் தடுக்கவும் இவை உதவின.

6 ஜூன், பின்னிணைப்பு

'அக்ரிலிக்கா? ரோத்கோ எண்ணெய் ஓவியர் அல்லவா?' என்று ஒருவர். சுவர் அட்டையில் பல இடங்களில் 'கேன்வாஸில் எண்ணெய்' என்றுதான் இருக்கும். அது பாதி உண்மை. டேட்டின் சீகிராம் படங்களில் ஒன்றான 'பிளாக் ஆன் மரூன்' படத்துக்கு அட்டை எண்ணெய், அக்ரிலிக், பசை டெம்பரா (பசையில் குழைத்த வர்ணம்), நிறத்தூள் என்று நாலையும் சொல்கிறது. அட்டையை எழுதுபவர்கள் ஆய்வகத்துக்குப் பிறகு எழுதினால் நீளமாகும்.

7 ஜூன்

செய்முறை கேட்டவர்களுக்கு. 40க்கு 50 செ.மீ. மாதிரித் துணி ஒன்றுக்கான கணக்கு. இது ரோத்கோவின் சமையல் குறிப்பு அல்ல. அவர் கண்ணளவில் கலந்தவர், நாளுக்கு நாள் மாற்றியவர். அதே தர்க்கத்தில் செய்த பயிற்சி என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

துணி: வெளுக்காத காடாத்துணி, கனமானது. வெந்நீரில் இரண்டு முறை அலசிக் கஞ்சியை எடுத்துவிடுங்கள். கஞ்சி இருந்தால் பசை உள்ளே இறங்காது, திட்டுத்திட்டாக நிற்கும். சட்டத்தில் இழுக்கும்போது விறைப்பாக இழுக்காதீர்கள். பசை காயும்போது துணி தானாக முறுக்கேறும், மெல்லிய சட்டம் என்றால் கோணிவிடும்.

பசை: முயல்தோல் பசை கிடைக்காவிட்டால் தச்சர்கள் வாங்கும் வஜ்ஜிரமே போதும், நிறம் கொஞ்சம் பழுப்பாக இருக்கும். 7 கிராமை 100 மி.லி. தண்ணீரில் இரவு முழுக்க ஊறவிடுங்கள். காலையில் பாத்திரத்தை வெந்நீருக்குள் வைத்து உருக்குங்கள். 60 டிகிரியைத் தாண்டக் கூடாது. கொதித்தால் பசையின் பிடிப்பு போய்விடும், பிறகு எவ்வளவு சேர்த்தாலும் வராது. நிறத்தூள் 10 கிராமை முதலில் சில சொட்டுத் தண்ணீரில் களியாகக் குழைத்து, பிறகு பசையில் விடுங்கள். நேரே கொட்டினால் கட்டி தட்டும். சூடாக இருக்கும்போதே 3 அங்குலத் தூரிகையில் தேய்த்து முடித்துவிட வேண்டும். ஆறினால் தூரிகையிலேயே ஜெல்லியாகும். ஒரு நாள் காயவிடுங்கள்.

முதல் நிறம்: எண்ணெய் வர்ணம் 5 கிராம், டர்பன்டைன் 15 மி.லி. ரசத் தெளிவு பதம். தூரிகையில் குறைவாக எடுத்து, வேகமாக, பல திசையில். ஒரே திசையில் இழுத்தால் கோடு தெரியும்.

முட்டைக் கலவை: ஒரு முழு முட்டையை அடித்து வடிகட்டி ஒரு பாட்டிலில் விடுங்கள். அதே அளவுக்கு ஆளிவிதை எண்ணெயும் டாமர் வார்னிஷும் பாதிப் பாதி, சொட்டுச் சொட்டாக விட்டுக் குலுக்குங்கள். கடைசியில் முட்டையின் அளவே தண்ணீர். தண்ணீரை முதலில் விட்டால் பிரிந்துவிடும். இதில் தண்ணீரில் அரைத்த நிறத்தூளைச் சம அளவு சேர்த்துப் பூசுங்கள். மீதியைக் குளிர்பெட்டியில் வைத்தாலும் மூன்று நாளுக்கு மேல் வேண்டாம். வாசனையே சொல்லிவிடும்.

பிறகு மறுபடி டர்பன்டைன் வர்ணம், மறுபடி முட்டை. மொத்தம் ஐந்து அடுக்கு போதும்.

எண்ணெய் தோய்ந்த துணிகளைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் காயும்போது சூடாகும், தானாகத் தீப்பிடிக்கும். தண்ணீர் வாளியில் போடுங்கள். ஜன்னல் திறந்திருக்கட்டும்.

8 ஜூன்

நேற்றைய குறிப்பில் விட்டுப்போன கோளாறுகள்.

விரலில் தூள் ஒட்டினால் பிணைப்பொருள் போதவில்லை. அடுத்த முறை டர்பன்டைனை 10 மி.லி.யாக்குங்கள். கொஞ்சமாக ஒட்டினால் விட்டுவிடலாம். அந்த எல்லையில்தான் அழகு இருக்கிறது, ஆபத்தும்.

பசைப் பூச்சு நொறுங்கி வெடித்தால் பசை அதிகம்.

முட்டை அடுக்கு பளபளத்தால் டாமர் அதிகம். டாமர் டர்பன்டைனில் கரையும் சரக்கு, அது மிகுந்தால் அடுத்த டர்பன்டைன் பூச்சில் கீழ் அடுக்கு எழுந்து வந்துவிடும். தடுப்பாகப் போட்டதே கதவைத் திறந்துவிட்டது போல. அதனால் டாமர் பங்கைக் குறைத்து, முட்டை அடுக்கை ஓர் இரவாவது காயவிட்டு, பிறகு மேலே போங்கள். 'பாதிப் பாதி' என்று நேற்று எழுதியதை 'மூன்றில் ஒரு பங்கு டாமர்' என்று திருத்திக்கொள்ளுங்கள்.

9 ஜூன்

இப்போது ஓரம்.

செவ்வகத்தை மாஸ்க்கிங் டேப் ஒட்டிப் போட்டிருக்கிறீர்கள் என்று உங்கள் படத்தைப் பார்த்தாலே தெரிகிறது. அங்கேயே முடிந்துவிட்டது. கூர்மையான கோடு இருந்தால் கண் அதை 'காகிதத் துண்டு' என்று படிக்கும். நிறம் படிப்படியாக மங்கி அடுத்ததில் கரைந்தால் மூளை அதை ஒளியின் பரவலாகப் படிக்கும். விளக்கைச் சுற்றி மூடுபனியில் தெரியும் வளையம் அப்படித்தான் இருக்கும். வெறும் அச்சடித்த வெள்ளைத் தாளில்கூடச் சுற்றிலும் சரிவான சாம்பல் கொடுத்தால் நடு வெள்ளை எரிவதுபோல் தெரியும். தாள் தாள்தான்.

இன்னொன்று. மங்கலான ஓரமுள்ள வடிவத்தை ஒரே புள்ளியில் கண்ணை நிறுத்திப் பார்த்தால் சில நொடியில் அது கரைய ஆரம்பிக்கும், கண் அசைந்ததும் திரும்பி வரும். 1804இல் டிராக்ஸ்லர் என்ற சுவிஸ் மருத்துவர் குறித்துவைத்த விளைவு. 'ரோத்கோ படம் மூச்சுவிடுகிறது' என்று எழுதுகிறார்களே, அதில் கொஞ்சமாவது இது. 18 அங்குலத் தொலைவில் நின்று பார்க்கச் சொன்னவர் ரோத்கோ. இரண்டு மீட்டர் படத்தை அவ்வளவு கிட்டத்தில் பார்த்தால் ஓரங்கள் பார்வையின் விளிம்புக்குப் போய்விடும். அங்கேதான் இந்தக் கரைதல் வலுவாக இருக்கும்.

செய்முறை: செவ்வகத்தின் கடைசி இரண்டு மூன்று சென்டிமீட்டரில் வர்ணமே இல்லாத உலர்ந்த தூரிகையால் தேய்த்து வெளியே இழுங்கள். கீழ் நிறம் இடையிடையே எட்டிப்பார்க்க வேண்டும். ஒவ்வோர் அடுக்கும் ஒரே இடத்தில் முடியக் கூடாது, ஒன்று உள்ளே ஒன்று வெளியே. அவர் படங்களில் சில வர்ணக் கசிவுகள் மேல்நோக்கியும் பக்கவாட்டிலும் ஓடியிருக்கும். வேலை நடுவே கேன்வாஸைத் திருப்பிப்போட்டதன் சாட்சி அது. நீங்களும் திருப்புங்கள், ஒரு பக்கமே கனக்காது.

9 ஜூன், இரவு

அமெரிக்க ஓவியர் ஃப்ராங்கென்தாலரும் இதைத்தானே செய்தார் என்ற கேள்விக்கு: இல்லை. 1952இன் 'மவுன்டன்ஸ் அண்ட் சீ' படத்தில் ஹெலன் ஃப்ராங்கென்தாலர் பசைகூட இல்லாத வெறும் துணியில் நீர்த்த எண்ணெய் வர்ணத்தை ஊற்றினார். நிறம் துணிக்குள் ஊறிவிட்டது, அடுக்கு என்ற பேச்சே இல்லை. ஒளியும் துணியின் வெண்மையிலிருந்து வருகிறது. கேள்வியில் நீங்கள் சொன்ன 'வெள்ளை அடித்தளம்' அங்கேதான் சரியாகப் பொருந்தும், ஆள்தான் மாறிவிட்டது. அதன் விலை: நிறத்தைச் சுற்றி எண்ணெய் தனியாகப் பரவி வளையம் கட்டும், நாளடைவில் பருத்தி இழையைப் பழுப்பாக்கி நொறுங்க வைக்கும். ரோத்கோ போட்ட பசைப் பூச்சு துணிக்கும் எண்ணெய்க்கும் நடுவே நிற்கிறது.

11 ஜூன்

நிறத்தூள் வாங்கும்போது விலையை மட்டும் பார்க்காதீர்கள். ஹார்வர்டு கதை எச்சரிக்கை.

1960களின் தொடக்கத்தில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்காக ரோத்கோ வரைந்த சுவர்ப் படங்கள் ஐந்து, 1964இல் ஹோலியோக் மையத்தின் மேல்மாடி உணவறையில் மாட்டப்பட்டன. பின்னணிக் கருஞ்சிவப்புக்கு அவர் எடுத்தது லித்தால் சிவப்பு, கூடவே அல்ட்ராமரின். வெயில் பட்டுச் சிவப்பு போய்விட்டது, நீலம் நின்றுவிட்டது. கருஞ்சிவப்பாக இருந்த இடங்கள் வெளிர்நீலம் ஆயின. 1979இல் கழற்றி உள்ளே வைத்துவிட்டார்கள்.

2014இல் அவற்றைக் காட்சிக்கு வைத்தபோது தூரிகையால் தொடவே இல்லை. பழைய வண்ணப் புகைப்படங்களையும், மாட்டாமல் விட்டதால் வெளுக்காத ஆறாவது படத்தையும் வைத்து இழந்த நிறத்தைக் கணக்கிட்டு, புரொஜெக்டர் வழியே அந்தக் குறையை மட்டும் படத்தின் மேல் பாய்ச்சினார்கள். தினமும் மாலை 4 மணிக்கு அந்த விளக்கை அணைத்தார்கள், வெளுத்த படம் தெரிந்தது. வார்னிஷ் இல்லாத, நுண்துளை நிறைந்த மேற்பரப்பில் எதை மறுபூச்சுப் பூசினாலும் அது உள்ளே ஊறிவிடும். திரும்ப எடுக்க முடியாது. அதனால்தான் வெளிச்சத்தாலேயே பூசினார்கள்.

உங்களுக்கு: சிவப்புக்குக் குவினாக்ரிடோன் அல்லது இரும்பு ஆக்சைடு. அலிசரின் கிரிம்சன் வேண்டாம். அச்சு மைக்காகச் செய்த மலிவுச் சிவப்புத் தூள் எதுவும் வேண்டாம்.

11 ஜூன், சற்று நேரம் கழித்து

மேலே 'வெயில் பட்டு' என்று எழுதியதில் வெயிலின் மேல் மட்டும் பழி போட்டுவிட்டேன். சிவப்புக்கும் நீலத்துக்கும் பட்டது ஒரே வெயில்தான், ஆனால் நீலம் நிற்கிறது. லித்தால் சிவப்பு இயல்பிலேயே ஒளிக்குத் தாங்காத சரக்கு. அதோடு எண்ணெய்ப் படலம் சூழாமல் முட்டையிலும் பசையிலும் மெல்லியதாகப் பூசியது. ஒளிக்கும் காற்றுக்கும் முழுக்கத் திறந்து கிடந்தது. 5 ஜூன் மாலை நான் மெச்சிய அதே காற்றுதான்.

13 ஜூன்

அந்தத் திறந்த மேற்பரப்புக்கு இன்னொரு விலை. 2012 அக்டோபரில் டேட் மாடர்னில் 'பிளாக் ஆன் மரூன்' படத்தின் ஒரு மூலையில் ஒருவர் மார்க்கர் மையால் கிறுக்கினார். சாதாரண வார்னிஷ் போட்ட படமாயிருந்தால் மை மேலேயே நின்றிருக்கும். இங்கே மெல்லிய அடுக்குகளைத் துளைத்துக்கொண்டு இறங்கிவிட்டது, சில இடத்தில் துணி வரைக்கும். மையைக் கரைப்பது எதுவோ அது முட்டையையோ பிசினையோ சேர்த்துக் கரைத்துவிடும். ஒவ்வோர் அடுக்கும் வெவ்வேறு திரவத்துக்கு அஞ்சும். சேறு வராமலிருக்க ரோத்கோ செய்த தந்திரமே படத்தைச் சுத்தம் செய்ய வந்தவர்களின் காலை வாரிவிட்டது.

சீராக்க 18 மாதம் ஆயிற்று. அதில் பாதி சரியான கரைப்பான் தேடுவதிலேயே போனது. 1950களின் கடைசியில் ரோத்கோ கருஞ்சிவப்பு பூசி வைத்திருந்த கேன்வாஸ் ஒன்றை அவர் குடும்பத்தார் சோதனைக்குக் கொடுத்தார்கள். கடைசியில் தேர்ந்தது பென்சைல் ஆல்கஹாலும் எத்தில் லாக்டேட்டும் சேர்ந்த கலவை. 2014 மே மாதம் படம் சுவருக்குத் திரும்பியது.

14 ஜூன்

அறை. இதைச் சுருக்கமாக.

மங்கிய வெளிச்சத்தில் கண்ணின் உச்ச உணர்திறன் 555 நானோமீட்டரிலிருந்து 507க்கு அருகே நகரும். சிவப்பு இருளும், நீலம் தூக்கலாகும். டேட்டின் சீகிராம் அறைக்கு வெளியிலிருந்து வருபவருக்குக் கறுப்பும் கருஞ்சிவப்பும் ஒன்றாகத் தெரியும். பத்து இருபது நிமிடம் உட்கார்ந்தால் பிரியும். படம் மாறவில்லை, கண் பழகியது. 1961இல் லண்டன் வைட்சேப்பல் கண்காட்சிக்கு ரோத்கோ அனுப்பிய குறிப்பில் வெளிச்சம் அதிகம் வேண்டாம், பெரிய படங்களைத் தரையிலிருந்து 6 அங்குலத்துக்குள் மாட்டுங்கள் என்று கேட்டிருந்தார்.

உங்கள் படத்தை டியூப்லைட்டுக்கு நேர்க்கீழே வைத்துப் புகைப்படம் எடுத்திருக்கிறீர்கள். அதைப் பக்கத்துச் சுவரில் சாய்த்து, ஜன்னல் வெளிச்சத்தில் சாயங்காலம் பாருங்கள்.

19 ஜூன்

கேட்டவர் மறுபடி எழுதியிருக்கிறார்: முட்டை ஒத்துவராது, வீட்டில் சைவம், அக்ரிலிக்கிலேயே வழி உண்டா?

உண்டு, முழுதாக இல்லை. ஜெஸ்ஸோவை விடுங்கள். வஜ்ஜிரமும் தோல் எலும்புச் சரக்கு, அதையும் விடுங்கள். துணியில் மேட் மீடியமும் (நிறமில்லாத, பளபளக்காத அக்ரிலிக் பிசின்) தண்ணீரும் சமமாக, அதில் நிறம் கலந்து தேயுங்கள். மேலே ஒரு பங்கு வர்ணத்துக்கு நாலு பங்கு மீடியம், தண்ணீரால் மட்டும் நீர்க்காதீர்கள். எல்லா அடுக்கையும் மேட் மீடியத்தில் போட்டால் அதிலுள்ள மட்டுப்படுத்தும் தூள் சேர்ந்து சேர்ந்து புகைமூட்டமாகும். உள் அடுக்குகளுக்குப் பளபள மீடியம், கடைசி இரண்டுக்கு மட்டும் மேட். கடைசி அடுக்கில் மீடியத்தைப் பாதியாகக் குறைத்து, நிறத்தூளைத் தனியாக வாங்கிச் சேருங்கள். துகள்களுக்கு நடுவே காற்று புக அது ஒன்றுதான் வழி.

பின்னணியை மேட்டாகவும் செவ்வகத்தைச் சற்றே மினுமினுப்பாகவும் விட்டுப் பாருங்கள். ரோத்கோவின் இருண்ட படங்களில் ஒரே கறுப்புக்குள் வடிவம் தெரிவது பல இடத்தில் நிறத்தால் இல்லை, இந்த மினுமினுப்பு வேறுபாட்டால். நேரே நின்றால் தெரியாது, இரண்டு அடி பக்கவாட்டில் நகர்ந்தால் தெரியும்.

20 ஜூன்

அக்ரிலிக்குக்கு மேல் எண்ணெய் போடலாம், எண்ணெய்க்கு மேல் அக்ரிலிக் கூடாது, உரிந்துவிடும். ரோத்கோ மட்டும் போட்டாரே என்று கேட்காதீர்கள். அவர் எடுத்த அக்ரிலிக் பிசின் கரைப்பானில் கரைந்தது. உங்கள் டியூபில் இருப்பது தண்ணீர்ச் சரக்கு, 'அக்ரிலிக்' என்ற பெயர் மட்டும்தான் ஒன்று.